வரி விகிதம் மாறினால் நிரலையும் மாற்றி எழுத வேண்டுமா?

டர்பனில் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், வரி மாறும்போதெல்லாம் பில் போடும் மென்பொருளின் நிரலைத் திருத்தாமல் இருக்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு, மாறக்கூடியவற்றை நிரலுக்குள் புதைக்காமல், வெளியே ஓர் அட்டவணையில் விதிகளாக வைக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் மதிப்புக் கூட்டு வரி 2018 ஏப்ரல் 1 அன்று 14 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்ந்தது. அரிசிக்கோ பூஜ்ஜிய விகிதம். ஆகவே ஒவ்வொரு விதியிலும் பொருள் வகை, விகிதம், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகிய நான்கும் இருக்கட்டும். விற்பனை நடந்த நாளுக்குப் பொருந்தும் விதியைத் தேடியெடுத்துக் கணக்கிடுவது மட்டுமே நிரலின் வேலை. நாள்களை விட்டுவிட்டு விகிதத்தை மட்டும் வெளியே வைப்பது பெரும்பிழை என்பேன், ஏனெனில் பழைய பில்லோடு பொருளைத் திருப்பிக் கொண்டுவருபவருக்குப் புதிய விகிதத்தில் பணம் கணக்காகிவிடும்.

2025 மே 1 முதல் 15.5 விழுக்காடு என அறிவிக்கப்பட்ட உயர்வு ஏப்ரல் இறுதியில் கைவிடப்பட்டது. இத்தகைய அமைப்பில், அதற்கு ஒரு பதிவை நீக்கி, முந்தைய பதிவின் முடியும் நாளை அழித்தாலே போதும். ஆனால் விதியை மாற்றும்போதும், மாதிரி பில்களைப் போட்டுச் சரிபார்த்த பிறகே கடைக் கணினிக்கு அனுப்புங்கள்.