வாசல் திறக்கக் காத்திருந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

குன்னூரில் போன ஞாயிற்றுக்கிழமை திறந்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை வாசலில் உங்களைப் பார்த்தேன். முதலில் வரும் நூறு பேருக்கு வாளி இலவசம் என்றதும் விடியற்காலையிலிருந்தே நின்று இடித்துத் தள்ளுகிறார்கள். நம் மலை ஜனங்களுக்கு இவ்வளவு பேராசை எப்போது வந்தது? நீங்கள் கண்டித்து எழுத வேண்டும்.

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. வாளிக்கு முண்டியடித்தவர்கள் இருந்தார்கள், சரி. வாளி கிடைத்ததும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் கவனித்தது உள்ளே போனவர்களை.

டிவி வரிசையில் பையன்கள் நின்றார்கள். ஃபேன் பக்கம் ஒருவரும் இல்லை. கூட்டம் எல்லாம் கீசரிடமும் வாஷிங் மெஷினிடமும்தான். வெள்ளைச் சால்வை போர்த்திய ஒரு படுகப் பாட்டி மெஷினின் மூடியைத் திறந்து, டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தடவிப் பார்த்தார். “கம்பளி போட்டா காயுமா தம்பி?” என்று கேட்டார். “நல்லா பிழிஞ்சு தந்துடும் பாட்டி, அப்புறம் கொஞ்ச நேரம் வெயில்ல போட்டா போதும்” என்றான் விற்பனைப் பையன். கீழேயிருந்து வந்தவன் போல. “ஐப்பசியில வெயிலுக்கு எங்க போறது?” என்றார் பாட்டி. அவனிடம் பதில் இல்லை.

குன்னூர், கோத்தகிரி பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த மாதங்களில் அடுப்படியில் கயிறு கட்டி, புகை வாடையோடு பள்ளிச் சீருடையைக் காயவைக்கும் வீடுகள் உங்களுக்கும் தெரியும். நாள் முழுக்க இலை பறித்துவிட்டு வந்து பச்சைத் தண்ணீரில் துணி துவைக்கிற பெண் ஒரு மெஷினுக்கு ஆசைப்பட்டால் அதைப் பேராசை என்று சொல்ல என்னால் முடியாது.

இத்தனை நாள் இதையெல்லாம் வாங்க மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறங்க வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஃபிரிட்ஜ் வந்து சேருவதற்குள் வாடகை ஜீப்புக்கே ஒரு தொகை போய்விடும். பழுதானால் மலைக்கு ஆள் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கூட்டம்.

என் கவலை பில் போடும் இடத்தில் தொடங்குகிறது. ‘வட்டியில்லா தவணை’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, அது வேறு கட்டணங்களில் ஒளிந்திருக்கும் என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்திருக்கிறது. இன்றும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை வரும். உடனே பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமலும் போகலாம். மாதச் சம்பளக்காரர் இதைச் சமாளித்துவிடுவார். சிறு தேயிலை விவசாயி என்ன செய்வார்? பச்சை இலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் விலை அறிவிக்கிறது, அது ஏறும், இறங்கும். பனியில் செடி கருகினால் இலையே இருக்காது. தவணை மட்டும் அதே தேதியில், அதே தொகையாக வந்து நிற்கும்.

உங்களுக்கு அக்கறை இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஊரில் யாராவது தவணையில் வாங்கப் போனால் கூடப் போங்கள். கையெழுத்துக்கு முன்னால், கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று கேட்டு, பில்லின் பின்பக்கமே எழுதித் தரச் சொல்லுங்கள். ரிப்பேருக்கு ஆள் குன்னூரில் இருக்கிறாரா, கீழேயிருந்து வர வேண்டுமா என்பதையும் கேளுங்கள். நான் கேட்டேன். “இங்கேயே ஆள் போடப் போறோம் சார்” என்றார் மேனேஜர். மழைக்காலத்தில் போய் மறுபடியும் கேட்பேன்.