இன்ஜினை இறக்கும் முன் அறிவிப்பை அனுப்புங்கள்

கேள்வி: மேலூர் அருகே வசிக்கிறேன். மதுரையில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவரிடம் 2014ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்றை ரூ.2,90,000 கொடுத்து வாங்கினேன். மனைவியின் நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம் அது. தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போனேன். அவர் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். ‘இன்ஜின் சுத்தமா இருக்கு, அதுக்கு நான் பொறுப்பு’ என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது வாரம், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைப்பாதை ஏறும்போது இழுவை குறைந்து நீலப் புகை தள்ளியது. பிஸ்டன் ரிங் (சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினை இறக்கி வேலை பார்க்க ரூ.85,000 ஆகும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். விற்றவரோ பலர் முன்னால் என்னை அவமானப்படுத்தி, ‘முப்பதாயிரம் தர்றேன், மேல வேணும்னா கோர்ட்ல பாத்துக்க’ என்கிறார். வழக்குப் போட்டால் வெல்ல முடியுமா?

பதில்: நகை அடகில் இருப்பதும், கடையில் நீங்கள் கேட்ட பேச்சும் உங்களுக்குப் பெரிய வலி என்பது புரிகிறது, ஆனால் அவை உங்கள் வழக்கை ஓர் அங்குலமும் நகர்த்தா. கார் உங்கள் கைக்கு வந்த நாளில் இன்ஜினின் உட்புறம் எந்த நிலையில் இருந்தது, அதை எதை வைத்து நிரூபிப்பீர்கள் என்ற ஒன்றே இங்கே கேள்வி. விற்றவர் இதையே தொழிலாகச் செய்பவர் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. காவல் நிலையத்துக்கு அலைவதால் நாள்தான் கழியும்.

இப்போது நான் அஞ்சுவது உங்கள் ஒர்க்‌ஷாப்காரரை நினைத்துத்தான். வண்டி ஓடினால் போதும் என்ற அவசரத்தில் இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து), புது ரிங் போட்டு, கழற்றிய பழைய ரிங்குகளையும் பிஸ்டன்களையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கையில் ஒரு பில்லை மட்டும் வைத்துக்கொண்டு வருகிற கட்சிக்காரர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். பில் செலவைக் காட்டுமே தவிர, குறை எப்போது வந்தது என்பதைக் காட்டாது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற குறையை உரிய சோதனைக்கு அனுப்பும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 38, ஆணையத்துக்குத் தருகிறது. சோதிக்கப் பொருளே இல்லையென்றால் அந்த அதிகாரத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அதோடு, விற்றவருக்குத் தெரிவிக்காமல் இன்ஜினைப் பிரித்து மாற்றியமைப்பது, வாங்கிய பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கான செயல் என்று சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 42ஐக் காட்டி எதிர்த்தரப்பு வாதிடும். அப்போது பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாய்ப்பு போய், இழப்பீடு மட்டுமே மிஞ்சும்.

ஆகவே முதலில் விற்றவருக்கு அறிவிப்பு. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் இன்ஜின் சோதிக்கப்படும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி, ஒப்புகையுடன் அனுப்புங்கள். அந்த நாளில், எதையும் பிரிப்பதற்கு முன், ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று அளக்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் சிறிது இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ, இன்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் காஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். இந்த வேறுபாட்டில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. ரிங்கும் சிலிண்டர் சுவரும் சீராகத் தேய்வது பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் நடப்பது. மூன்று வாரத்தில் நடந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஹெட் காஸ்கெட்டோ, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து ஒரே ஏற்றத்தில் போய்விடக்கூடியது. அப்படியானால், கவனிக்காமல் மலையேற்றியது நீங்கள்தான் என்பார்கள். அன்றைய ஆயில் அளவு, ஓடோமீட்டர், இன்ஜின் எண், அழுத்தம் அளக்கும் கேஜில் தெரியும் எண்கள் எல்லாம் வீடியோவில் பதிவாகட்டும். பிரித்த பிறகும் பழைய பாகங்களைச் சிலிண்டர் வாரியாகக் குறித்து உங்கள் வசமே வைத்திருங்கள். ‘ரிங் தேய்ந்துள்ளது’ என்று மெக்கானிக் தரும் ஒற்றை வரிக் கடிதத்தை நம்பி வராதீர்கள். ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரின் அறிக்கை வேண்டும்.

அடுத்து, நீங்கள் கூட்டிப் போன மெக்கானிக். உங்களுக்குச் சாதகம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு முதலில் எடுக்கப்போவது அதைத்தான். வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல என்பது மேற்சொன்ன சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16. சத்தம் கேட்டு ஓட்டிப் பார்ப்பதில் சிலிண்டரின் உட்புறம் தெரியாது என்பதே உங்கள் பதில். ஆனால், வாங்கிய அன்றே நீலப் புகை இருந்தது, அவர் கவனிக்கவில்லை என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். அது உண்மையானால், சமரசத்துக்கு இன்றே போங்கள்.

குரல் பதிவு நல்ல சான்று. அந்த போனை மாற்றாதீர்கள், பதிவை அழிக்காதீர்கள். ‘நான் புரோக்கர் மட்டும்தான், ஆர்.சி. பழைய ஓனர் பெயரில் இருந்தது’ என்று அவர் சொல்வதற்கும் இடமுண்டு என்பதால், பணம் யார் கணக்குக்குப் போனது என்ற வங்கி விவரத்தை எடுத்து வையுங்கள். முந்தைய உரிமையாளர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி விட்டிருந்தால், அங்குள்ள ஜாப் கார்டுகளை (புகாரையும் செய்த வேலையையும் குறிக்கும் தாள்களை) வரவழைக்க ஆணையத்தில் மனுச் செய்யலாம். ஆயில் குறைகிறது என்று அவர் முன்பே புகார் சொல்லியிருந்தால், விற்றவருக்குத் தப்ப வழி குறைவு.

இனி பணம். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் முயலச் சொல்கிறது; நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும், அதுவரை வண்டி நிற்கும், அடகு வட்டி ஓடும். பத்தாண்டு கடந்த காருக்குப் புதிதாகச் செய்த இன்ஜின் வேலையின் முழுச் செலவையும் ஆணையம் தரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கம்ப்ரஷன் டெஸ்ட் ரிங் தேய்மானத்தைக் காட்டினால், அந்த அறிக்கையை அவர் முன் வைத்து ரூ.55,000 முதல் 60,000 வரை கேளுங்கள். 50,000க்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காஸ்கெட் என்று காட்டினால், அவர் சொன்ன 30,000ஐ மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். எதுவானாலும் பணம் வங்கிக் கணக்கில் வந்த பிறகே சமரசக் கடிதத்தில் கையெழுத்து. ஆர்.சி. இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லையென்றால், அதற்கான படிவங்களில் பழைய உரிமையாளரின் கையெழுத்தை வாங்கித் தரும் பொறுப்பும் அந்தச் சமரசக் கடிதத்திலேயே எழுதப்பட வேண்டும்.