ஓங்கிலும் பால்சுறாவும்

கேள்வி: எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடல்தொழில். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஓங்கில் (டால்பின்) மீன் இல்லை, இறாலும் நண்டும்கூட மீன் இல்லை என்று என்னைத் திருத்துகிறாள். கடலில் கிடக்கிறது, துடுப்பு இருக்கிறது, நீந்துகிறது, பிறகென்ன? குட்டி போடுவதால்தான் ஓங்கில் மீன் இல்லை என்றால், சுறாவும்தான் குட்டி போடுகிறது! உயிர்களை இப்படிக் கூறு போட்டு வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ஆனால் சுறாவைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினீர்களே, அந்த இடத்தில் நீங்கள் கெட்டிக்காரர். 'குட்டி போட்டால் பாலூட்டி' என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறவர்கள் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் விழிப்பார்கள்.

பால்சுறாவையே எடுத்துக்கொள்வோம். அதன் வயிற்றுக்குள் குட்டி கொடியோடு வளர்வதை, அறுக்கும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கும் என்று அதைப் புட்டு செய்து கொடுக்கிறோம். ஆனால் அந்தச் சுறா தன் குட்டிக்கு ஒரு சொட்டுப் பால் கொடுத்ததில்லை. ஓங்கில் கொடுக்கிறது. இன்னொன்று: மீன் வாங்க வருகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் விலை பேசுகிறார். ஓங்கிலில் எதைத் தூக்கிப் பார்ப்பார்? அதற்கு நம்மைப் போல நுரையீரல்; உச்சந்தலையில் ஒரு துளை. அதனால்தான் மேலே வந்து வந்து மூச்சு விடுகிறது. வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் சாகிறது. தண்ணீரில் மூச்சுமுட்டிச் சாகிற சாளையைப் பார்த்திருக்கிறீர்களா?

வாலையும் கவனியுங்கள். மீனின் வால் நிமிர்ந்து நிற்கும், இடவலமாக அடிக்கும். ஓங்கிலின் வால் படுத்துக் கிடக்கும். மேலும் கீழுமாக அடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் மிருகத்தின் முதுகு வளைந்து நிமிர்கிறதே, அதே அசைவு. ஓங்கிலின் முன்னோர் தரையில் நடந்தவர்கள். இன்றிருக்கும் விலங்குகளில் அதற்கு நெருங்கிய பங்காளி நீர்யானை. சற்றுத் தள்ளி, உங்கள் வீட்டு ஆடும் மாடும் சொந்தம்தான். சுறா எங்கோ தூரத்து உறவு. கடலில் இருப்பதால் எல்லாம் மீன் என்றால், பறப்பதால் வௌவாலைக் காக்கையோடு சேர்க்க வேண்டியதுதான்.

வெட்கப்பட வேண்டாம். உங்கள் கட்சியில் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். உயிர்களுக்கு இரண்டு சொல்லில் அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1735இல் வெளியிட்ட பட்டியலில் திமிங்கிலத்தை மீன்களோடுதான் வைத்தார். 1758 பதிப்பில் திருத்திக்கொண்டார். அவருக்கு 23 ஆண்டு ஆயிற்று. உங்களுக்கு மகள் இருக்கிறாள்.

இறால், நண்டு விஷயம் இன்னும் சங்கடமானது. முதுகெலும்பு கிடையாது, கணுக்கணுவாகக் கால், வளர வளர ஓட்டைக் கழற்றிப் போடும் வழக்கம். வம்சாவளி பார்த்தால் இறாலுக்குச் சாளையைவிடக் கரப்பான்பூச்சிதான் கிட்டத்துச் சொந்தம். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்க.) தொல்காப்பியத்தின் மரபியலில் நண்டும் தும்பியும் நான்கறிவு உயிர்களாக ஒரே வரியில் வருகின்றன. உடனே 'அன்றே சொன்னான் தமிழன்' என்று கடிதம் எழுதிவிடாதீர்கள். அதே நூல் எறும்பை மூவறிவு என்று வேறு பந்தியில் உட்காரவைக்கிறது. அங்கே பிரித்தது புலன்களை வைத்து. இன்று பிரிப்பது யார் யாருக்குப் பிறந்தார் என்பதை வைத்து. ஏலக் கூடத்தில் பிரிப்பது விலையை வைத்து. அந்தக் கணக்கு அங்கே சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

உயிர் என்றால் வளரும், இனம் பெருக்கும் என்று ஒரு பட்டியலும் மகள் ஒப்பித்திருப்பாள். அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். புத்தளம் உப்பளத்தில் உப்புக்கல்லும் வளர்கிறது. அது வெளியே ஒட்டி ஒட்டிப் பெருக்கிறதே தவிர, தின்று செரித்து வளர்வதில்லை. கோவேறு கழுதை குட்டி போடுவதில்லை. அதற்காக அதற்கு உயிர் இல்லையா? நெத்திலி, தென்னை, தோசை மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர், நீங்கள், நான் எல்லோருக்கும் பொதுவானது வேறு: உடல் செல்லால் ஆனது, அந்தச் செல்லுக்குள் நான்கே எழுத்துகளில் எழுதிய பரம்பரைக் குறிப்பான டிஎன்ஏ. அதைப் படிக்கும் முறையும் அநேகமாக எல்லா உயிருக்கும் ஒன்றே.

லாபம் கேட்டீர்கள். வலையில் விலாங்கும் கடல்பாம்பும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒரே மாதிரியா கையில் பிடிப்பீர்கள்? தட்டை வாலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா, அதற்குப் பெயர்தான் வகைப்பாடு. ஓங்கில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிப்பது குற்றம். வலையில் தானாக வந்து மாட்டினால் வலையை அறுக்கும் முன்பே அதன் உச்சந்துளையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். மீன்தானே என்று தண்ணீருக்குள்ளேயே விட்டுவைத்தால், நீங்கள் அவிழ்த்து முடிப்பதற்குள் செத்துவிடும்.