டென்னிஸ் படங்களில் பந்து ஏன் அகப்படுவதில்லை?

கேள்வி: என்னிடம் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார் கொண்ட தொடக்க நிலை கேமராவும் 70-300 மி.மீ., எஃப்/4.5-5.6 லென்ஸும் இருக்கின்றன. நண்பர்கள் ஆடும் டென்னிஸ் ஆட்டங்களைப் படமெடுக்கிறேன். ஸ்போர்ட்ஸ் மோடில் நொடிக்கு 6 படம் என்று எடுத்துத் தள்ளினாலும் பெரும்பாலான படங்களில் பந்தைக் காணோம். சிலவற்றில் ஆளை விட்டுவிட்டு வலை பளிச்சென்று விழுகிறது. முகம் தொப்பி நிழலில் இருண்டு போகிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இந்த லென்ஸ் தாராளமாகப் போதும். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதலாவது விரல் அழுத்தும் நேரத்தைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் பெரும்பாலும் நீங்கள் உட்காரும் இடத்தால் வருபவை. செட்டிங் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் பந்து. மட்டையின் நரம்புகளில் பந்து ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ 5 மில்லிநொடி. உங்கள் கேமரா நொடிக்கு 6 படம் எடுக்கிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 167 மில்லிநொடி இடைவெளி. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால், பந்து மட்டையில் படும் அந்தக் கணம் சிக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்புதான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் சாதாரண அடியே அந்த இடைவெளியில் நாலரை மீட்டர் கடந்துவிடும். ஒரு படத்தில் பந்து இன்னும் வந்திருக்காது, அடுத்ததில் போயே போயிருக்கும். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமரா வாங்கினாலும் இந்தக் கணக்கு பத்துக்கு ஒன்று என்ற அளவுக்குத்தான் ஏறும்.

அடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்துவதும் பயன்படாது. கண் கண்டு விரல் அசைய சுமார் 0.2 நொடி ஆகும், அதற்கு மேல் கேமராவின் சொந்தத் தாமதம் வேறு. ஆகவே அடிக்கு முந்தைய ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். சர்வ் போடும்போது இது சுலபம், காரணம் ஒவ்வொருவரும் தன் சர்வை ஏறக்குறைய ஒரே தாளத்தில்தான் போடுவார். இடக்கை மேலே நீண்டு, முழங்கால் மடங்கி, மட்டை தலைக்குப் பின்னால் நிற்கும் நிலை ஒன்று வரும். அங்கே உடல் ஒரு கணம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்பதால் அதுவே நல்ல படம். அந்த மட்டை முதுகுப் பக்கம் இறங்கத் தொடங்கும்போது அழுத்தினால், மேலே பந்தைச் சந்திக்கும் இடத்தில் ஷட்டர் திறக்கும். முதல் சில கேம்களில் படம் எடுக்காமல் தாளத்தை மட்டும் கவனியுங்கள்.

ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் அடிகளுக்கு அடையாளம், பந்து அவர் பக்கத்தில் தரையில் குத்தி எழும் கணம். மட்டை பின்னாலிருந்து முன்னே கிளம்பும்போது அழுத்துங்கள். பந்தோடு சேர்ந்து கேமராவை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தால் எதுவும் தேறாது. ஒரு பாயிண்ட் முழுக்க ஒரே ஆளின் மேல் லென்ஸை வைத்திருங்கள். வ்யூஃபைண்டரில் பார்க்காத இன்னொரு கண்ணைத் திறந்து வைத்தால் எதிராளி அடித்த பந்து வருவது தெரியும். பழக்கத்துக்காக ஒரு செட் முழுவதும் பர்ஸ்ட் மோடை (அழுத்திப் பிடித்தால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் முறை) அணைத்துவிட்டு ஒற்றைப் படமாகவே எடுங்கள். கை பழகிய பிறகு, சரியான நேரத்தில் தொடங்கி இரண்டு மூன்று படங்களோடு நிறுத்தும் பர்ஸ்ட் பிரயோசனப்படும்.

இனி உட்காரும் இடம். வலக்கை ஆட்டக்காரர் சர்வ் போடும்போது மார்பும் முகமும் அவருடைய வலப்பக்கம் திரும்பியிருக்கும், ஃபோர்ஹேண்டுக்குத் தயாராகும்போதும் அப்படியே. இடப்பக்கம் உட்கார்ந்தால் முதுகுதான் கிடைக்கும். எனவே அவருடைய வலப்பக்கத்தில், பக்கக்கோட்டுக்கு வெளியே மூன்று நான்கு மீட்டர் தள்ளி, வலைக் கம்பத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் அவர் பக்கமாக வந்து உட்காருங்கள். இடக்கை ஆட்டக்காரருக்கு இதைத் தலைகீழாக்கிக் கொள்ளுங்கள். இந்த இடத்தில் வலை உங்களுக்கும் அவருக்கும் நடுவே வரவே வராது, ஆகவே வலையில் ஃபோகஸ் விழும் தொல்லை பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்தது. பேஸ்லைனில் (ஆடுகளத்தின் பின்கோட்டில்) நிற்பவர் உங்களிடமிருந்து சுமார் 13 மீட்டர் தூரத்தில் இருப்பார். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 100 மி.மீ.யிலேயே உயர்த்திய மட்டையோடு முழு ஆளும் அடங்கும். 300-க்கு இழுத்தால் இடுப்புக்கு மேலேதான். புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறி ஸூம் செய்து மட்டையையோ பாதத்தையோ வெட்டிவிடுகிறார்கள். சற்றுத் தளர்வாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிறகு வெட்டி எடுக்கலாம் (கிராப்).

இன்னொரு சௌகரியமும் உண்டு. முதல் கேம் முடிந்ததும், அதன் பின் இரண்டு கேமுக்கு ஒரு முறையும் ஆட்டக்காரர்கள் பக்கம் மாறுவார்கள். நீங்கள் அங்கேயே இருந்தால் இருவரும் மாறி மாறி உங்கள் முன்னால் வருவார்கள். நகர வேண்டுமென்றால் அந்த மாற்றத்தின்போது நகருங்கள். பாயிண்ட் நடக்கையில் எழுந்து நடப்பது ஆடுபவரின் பார்வையைக் கெடுக்கும்.

பின்னணியையும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸின் துவாரம் (அபெர்ச்சர்) எஃப்/5.6-இல் இருக்கும்போது பின்னால் நிற்கும் வண்டிகளும் நாற்காலிகளும் முழுதாகக் கரையாது. வேலியில் கட்டிய அடர்நிறத் திரை பின்னால் வரும்படி ஓரிரு மீட்டர் தள்ளி அமர்ந்தாலே படம் சுத்தமாகிவிடும். மாடமோ படிக்கட்டோ இருந்தால் ஏறிப் பாருங்கள், அங்கிருந்து ஆடுகளத்தின் தரையே பின்னணி. ஆனால் அங்கே தொப்பி முகத்தை மறைக்கும். உச்சிவெயிலில் முகம் தெரிய வேண்டுமென்றால் கீழே, தரையோடு தரையாக உட்கார்ந்து எடுப்பதே வழி. அல்லது சர்வ்களை எடுங்கள்: பந்தைப் பார்க்க முகம் நிமிர்வதால் தொப்பியின் விளிம்புக்கு அடியில் வெளிச்சம் புகும்.

செட்டிங். ஸ்போர்ட்ஸ் மோடு ஷட்டர் வேகத்தைத் தானே முடிவு செய்கிறது, உங்களால் மாற்ற முடியாது. அதை விட்டுவிடுங்கள். 180 கி.மீ. வேக சர்வில் பந்து நொடிக்கு 50 மீட்டர் போகிறது. ஷட்டர் 1/500 நொடி திறந்திருந்தால் அது 10 செ.மீ. கோடாக இழுபடும், 1/1000-இல் 5 செ.மீ., 1/2000-இல் இரண்டரை. பந்தின் விட்டமே ஆறரை செ.மீ.க்குச் சற்று அதிகம் என்பதால் 1/2000-இல்தான் அது உருண்டையாகத் தெரியும். ஆளின் உடலை மட்டும் நிறுத்த 1/1000 போதும். மேனுவல் மோடில் 1/2000, எஃப்/5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறனைக் கேமராவே தீர்மானிப்பது), உச்சவரம்பு 6400 என்று வையுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200, 250-க்குள் நிற்கும். மேகமூட்டத்தில் 2000 வரை ஏறலாம். ஐஎஸ்ஓ ஏறுவதால் படத்தில் வரும் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தைத்தான் சரிசெய்ய வழியில்லை. வெள்ளை உடையும் இருண்ட பின்னணியும் சேர்ந்தால் கேமரா ஏமாந்து உடையை வெளிறச் செய்யும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −0.7-க்கு இறக்குங்கள். சில தொடக்க நிலை கேமராக்களில் மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால் இது வேலை செய்யாது. அப்போது, ஷட்டர் வேகத்தை மட்டும் நீங்கள் வைக்கும் ஷட்டர் பிரையாரிட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஃபோகஸைத் தொடர் நிலையில் வையுங்கள். நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ ஏஎஃப். திரை முழுவதையும் கேமராவிடம் ஒப்படைத்தால் அருகில் இருப்பதை, பெரும்பாலும் வலையை, அது பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு சிறு ஃபோகஸ் பகுதியைத் (ஸோன்) தேர்ந்து மார்பின் மேல் வையுங்கள். பந்து வரும் முன்பே பாதி அழுத்தி ஃபோகஸைப் பின்தொடரவிடுங்கள். முகம் கண்டறியும் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள், மட்டை முகத்தின் குறுக்கே வரும்போது சில கேமராக்களில் அது தடுமாறும்.

கம்பி வேலிக்கு வெளியேதான் இடம் என்றால், லென்ஸின் முன்பகுதி கம்பியைத் தொடும் அளவுக்கு ஒட்டி, ஒரு கண்ணியின் நடுவில் வைத்து, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து 200 மி.மீ.க்கு மேல் எடுங்கள். கம்பி மறைந்துவிடும். ஓர் அடி பின்னால் வந்தாலே சாம்பல் பட்டைகளாகத் திரும்ப வரும்.

இரவு விளக்கிலும் உள்ளரங்கிலும்தான் இந்த லென்ஸ் திணறும். எஃப்/2.8-இலேயே 1/1000-க்கு ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை ஆகும் இடங்களில் உங்களுக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு வெளிச்சம்) தேவைப்படும். 1/500-க்கு இறங்கி, பந்தை மேலே எறிந்து நிற்கும் நிலை, பாயிண்ட் வென்றதும் முஷ்டி மடக்கும் முகம் போன்ற அசைவு குறைந்த கணங்களைத் தேடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஆடுபவரின் கண் கூசும். விளக்கின் துடிப்பால் அடுத்தடுத்த படங்களில் வெளிச்சமும் நிறமும் மாறினால் கேமராவில் இருக்கும் ஃபிளிக்கர் (துடிப்பு) குறைப்பு வசதியை ஆன் செய்யுங்கள். சத்தம் வராமலிருக்க எலக்ட்ரானிக் ஷட்டர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாதாரண சென்சாரில் மட்டை வளைந்தும் பந்து முட்டை வடிவிலும் விழும். மெக்கானிக்கல் ஷட்டரே மேல். ரொம்ப அருகில் இருந்தால், சர்வுக்காகப் பந்தை எறியும் நேரத்தில் கிளிக் சத்தம் எழுப்பாமல், அடிக்கும் கணத்துக்குக் காத்திருங்கள்.

கடைசியாக பஃபர், அதாவது கார்டில் எழுதும் முன் படங்கள் தங்கும் கேமராவின் உள்நினைவகம். ரா வடிவில் (சுருக்கித் திருத்தாத பெரிய கோப்புகள்) நீளமாக அடுக்கினால் தொடக்க நிலை கேமரா ஒன்றிரண்டு நொடியிலேயே மூச்சு வாங்கி, கார்டில் எழுதி முடிக்கும்வரை மந்தமாகிவிடும். நீண்ட ராலியின் (பந்து மாறி மாறி அடிபடும் தொடரின்) கடைசி அடி அந்த நேரத்தில்தான் வரும். ஜேபெக்கில் எடுங்கள், ராலியின் தொடக்க அடிகளை விட்டுக்கொடுங்கள்.