தனி நாடாக ஐ.நா.வில் சேராத பாலஸ்தீனர்களுக்குச் சுயநிர்ணய உரிமை எப்படி இருக்க முடியும்?

கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சுயநிர்ணய உரிமை, அதாவது தங்கள் அரசியல் நிலையைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை, நாட்டுக்கு உரியதல்ல, மக்களுக்கு உரியது. நாடு அமைவதற்கு முன்பே அது உண்டு. 1966-இன் இரு மனித உரிமை உடன்படிக்கைகளும் முதல் பிரிவிலேயே இதைச் சொல்கின்றன; இஸ்ரேல் 1991-இல் இரண்டையும் ஏற்றது.

பாலஸ்தீனர்கள் அப்படி ஒரு மக்களா என்ற வாதம் சட்டத்தில் முடிந்துபோன ஒன்று. 1974-இல் ஐ.நா. பொதுச்சபை தனது 3236-ஆம் தீர்மானத்தில் இந்த உரிமையை உறுதிசெய்தது. 2004-இல், இஸ்ரேல் மேற்குக் கரையில் கட்டிய பிரிப்புச் சுவர் பற்றிய ஆலோசனைக் கருத்துரையில், பாலஸ்தீன மக்கள் என்போர் இருப்பது இனி விவாதத்துக்குரியதல்ல என்றது சர்வதேச நீதிமன்றம். ஓஸ்லோ அமைதிப் பேச்சுவார்த்தையின்போது இஸ்ரேலே பி.எல்.ஓ.வை (பாலஸ்தீன விடுதலை இயக்கம்) பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக 1993-இல் ஏற்றுக்கொண்டதையும் நீதிமன்றம் அங்கே எடுத்துக்காட்டியது.

அதே நீதிமன்றம் 2024 ஜூலை 19-இல் தந்த கருத்துரை இன்னும் ஆழமானது. மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா மூன்றும் ஒரே நிலப்பகுதி. இஸ்ரேலின் குடியேற்றங்களும் நில இணைப்பும் அதைத் துண்டாடுகின்றன. இயற்கை வளங்கள் மீதான உரிமையும் சுயநிர்ணயத்தில் அடங்கும். ஆகவே இந்த ஆக்கிரமிக்கப்பட்ட நிலப்பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம், அது இயன்றவரை விரைவாக முடிய வேண்டும் என்று 11-க்கு 4 என நீதிபதிகள் முடிவுசெய்தனர்.

'வெறும் கருத்துரைதானே' என்பார்கள். கருத்துரை தீர்ப்பைப் போலக் கட்டுப்படுத்தாது, உண்மை. ஆனால் அது எடுத்துச் சொல்லும் சட்டம் கட்டுப்படுத்தும். அந்த இருப்பைச் சட்டபூர்வமானதாக அங்கீகரிக்காமலும், அது நீடிக்க உதவாமலும் இருப்பது எல்லா நாடுகளின் கடமை.

ஐ.நா. உறுப்புரிமை தனி விஷயம். அதற்குப் பாதுகாப்புச் சபையின் பரிந்துரை தேவை. 2024 ஏப்ரலில் 12 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்காவின் வீட்டோ அதைத் தடுத்தது. வீட்டோவால் உறுப்புரிமையைத்தான் தடுக்க முடியும், உரிமையை அல்ல.