ஒரே ‘கெட்’டுக்கு எத்தனை அர்த்தம்?

ஆங்கிலம் படிக்கும் பர்மாத் தமிழர்கள் ‘கெட்’ என்ற வினைச்சொல்லைப் பற்றிக் கேட்ட கேள்விகளும், ஆங்கில ஆசிரியர் ஒருவர் தந்த பதில்களும்.

கே: அகராதியில் ‘கெட்’ என்று பார்த்தால் கிடை, வாங்கு, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள் என்று போய்க்கொண்டே இருக்கிறது ஐயா. எதை மனப்பாடம் பண்ணுவது? (மாணவி, யாங்கோன்)

ப: எதையும் பண்ண வேண்டாம்மா. ‘கெட்’டுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள், போதும். பொருள் நின்றால் கிடைப்பது அல்லது வாங்குவது: ‘கெட் எ லெட்டர்’, ‘கெட் சம் ரைஸ்’. ‘வெட்’, ‘ஓல்டு’ போன்ற பண்புச்சொல் நின்றால் ஆவது: நனைகிறது, வயசாகிறது. இடம் நின்றால் போய்ச் சேர்வது: ‘கெட் டு பெகு’. எல்லாவற்றிலும் ஒன்று பொது. முன்பு இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்கிறோம். ‘ஐ ஹேவ் எ கோல்டு’ என்றால் சளி இருக்கிறது. ‘ஐ ஆம் கெட்டிங் எ கோல்டு’ என்றால் சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

இதற்கு அடங்காதது ‘ஐ ஹேவ் காட்’ மட்டும். ‘பெற்றுவிட்டேன்’ என்று தொடங்கி, பெற்றது கையில்தானே இருக்கும் என்று ‘வைத்திருக்கிறேன்’ என்பதில் வந்து நின்றுவிட்டது.

கே: இது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லா? (தட்டோன்)

ப: பாதி சொந்தம், பாதி வரவு. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் 9ஆம் நூற்றாண்டில் குடியேறிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் மொழியில் ‘கெதா’ என்று ஒரு வினை இருந்தது. 1200ஐ ஒட்டி அது ஆங்கில எழுத்தில் ஏறுகிறது. பழைய ஆங்கிலத்திலும் அதே வேர் உண்டு. ஆனால் பெரும்பாலும் முன்னொட்டோடுதான் வரும், அதுவும் யகர ஒலியோடு. இன்றைய ‘ஃபர்கெட்’ அப்படிப்பட்ட சொல். அதில் வல்லினக் ககரம் ஏறியது வைக்கிங் மொழியின் செல்வாக்கால்.

வேரின் பழைய பொருள் ‘பிடி’. லத்தீனில் அதே வேர் ‘ப்ரெஹெந்தெரே’ ஆகி, பிரெஞ்சு வழியாக ‘ப்ரிசன்’, லத்தீன் வழியாக ‘காம்ப்ரிஹெண்டு’ எல்லாம் வந்தன. சிறையும் புரிதலும் ஒரே குடும்பமா என்று திகைக்க வேண்டாம். திருடன் பிடிபட்டான் என்கிறோம், அர்த்தம் பிடிபட்டது என்றும் சொல்கிறோமே.

கே: சிங்கப்பூரில் என் மேலாளர் அமெரிக்கர். ‘கெட்’டின் மூன்றாம் வடிவமாக ‘காட்’ என்னாமல் ‘காட்டன்’ என்கிறார். தப்பில்லையா?

ப: தப்பில்லை, அது பழசு. பிரிட்டன் கைவிட்டது, அமெரிக்கா வைத்துக்கொண்டது. அவர் ‘ஐ’வ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது. ‘ஐ’வ் காட்டன் எ கார்’ என்றால் புதிதாக வாங்கியிருக்கிறார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘காட்’தான். ‘ஃபர்காட்டன்’ அங்கேயும் தப்பித்தது.

கே: ‘ஹி வாஸ் அரெஸ்டட்’, ‘ஹி காட் அரெஸ்டட்’: என்ன வித்தியாசம்? (மோல்மேன்)

ப: கைது செய்யப்பட்டான், கைதானான். முதலாவது செய்தித்தாள் நடை. இரண்டாவது பேச்சு நடை. மாட்டிக்கொண்டான் என்ற சாயல் அதில் உண்டு. ‘காட் ஃபயர்டு’, ‘காட் ப்ரமோட்டட்’ என்று நல்லதோ கெட்டதோ ஒருவருக்கு நேரும்போது ‘கெட்’ பொருந்தும். ‘நோ’ (தெரிந்திரு) போன்ற நிலை காட்டும் வினைகளோடு ஒட்டாது. ‘தி ஆன்சர் காட் நோன்’ என்று எழுதாதீர்கள்.

‘மேரீட்’ விஷயத்தில் கவனம் தம்பி. ‘தே ஆர் மேரீட்’ என்றால் கணவன் மனைவி. ‘தே காட் மேரீட் இன் 2019’ என்றால் அந்த ஆண்டு கல்யாணம் நடந்தது.

கே: ‘ஐ கட் மை ஹேர்’ என்றதற்கு ஆசிரியை சிரித்தார். ஏன்?

ப: கத்தரியை நீங்களே பிடித்ததாக அர்த்தம் வரும். சலூனில் வெட்டிக்கொண்டால் ‘ஐ காட் மை ஹேர் கட்’. வெட்டப்படும் பொருள் நடுவில், வினையின் மூன்றாம் வடிவம் கடைசியில். ஆளைக் கொண்டு செய்வித்தால் ‘டு’ வேண்டும்: ‘ஐ காட் ஹிம் டு ஃபிக்ஸ் இட்’. ‘மேக்’ வந்தால் ‘டு’ கூடாது: ‘ஐ மேடு ஹிம் ஃபிக்ஸ் இட்’. பொருளும் மாறும். ‘கெட்’டில் சொல்லிக் கேட்டுச் சம்மதிக்க வைத்தோம், ‘மேக்’கில் வற்புறுத்தினோம்.

கே: பர்மியச் சொல் ‘ய’வும் ‘கெட்’டும் ஒன்றா?

ப: ஆச்சரியப்படும் அளவுக்கு நெருக்கம். ‘ய’ என்றால் கிடைப்பது. ‘ய-லா?’ என்றால் ‘முடியுமா, செய்யலாமா?’ ‘த்வா-ய-தே’ என்பதை இடம் பார்த்து, போக வேண்டியதாயிற்று என்றும் போகக் கிடைத்தது என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. ‘ஐ காட் டு கோ டு பகான்’ என்றால் பகானுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தது. ‘ஐ’வ் காட் டு கோ’ என்றால் போயே ஆக வேண்டும். பேச்சில் அந்த ‘வ்’ காணாமல் போய் ‘காட்டா’ ஆகிவிடுகிறது. எழுத்தில் விடக் கூடாது.

ஆனால் அனுமதி கேட்க ‘ய-லா’வை அப்படியே ‘கேன் ஐ கெட் கோ?’ என்று மாற்றிவிடாதீர்கள். ‘மே ஐ கோ?’ போதும்.

கே: வேலை விண்ணப்பத்தில் ‘கெட்’ எழுதலாமா?

ப: தவிருங்கள். ‘ரிசீவ்’, ‘அப்டெயின்’, ‘பிகம்’ என்று இடத்துக்கு ஏற்றதை எழுதுங்கள். நேர்முகத்தில் தாராளமாகப் பேசலாம். அங்கே ‘அப்டெயின்’ என்றால்தான் செயற்கையாக இருக்கும்.

கே: ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் உள்ள வினை இதுதானா?

ப: இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ முன்னால் நின்றது. பிறகு நடந்த திருத்தத்தில் ‘ரன்’ 645 பொருள்களோடு முந்தியது.

கே: வண்டியில் ஏறுவதற்கு ‘கெட் இன்’னா, ‘கெட் ஆன்’னா?

ப: உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற பஸ், யாங்கோன் வட்ட ரயில், கப்பல் என்றால் ‘ஆன்’, இறங்க ‘ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்காரும் டாக்ஸி என்றால் ‘இன்’, இறங்க ‘அவுட் ஆஃப்’. சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்கும் ‘ஆன்’தான், மேலே ஏறி உட்காருகிறோமே.