அபாயச் சரக்கு ஓட்டுநர் பயிற்சி: அங்கீகாரம் யார் தருவது, எதைப் பார்த்துத் தருவது?

பெட்ரோல், எல்பிஜி, ஆசிட், குளோரின் ஏற்றும் வண்டிகளை ஓட்டுபவர்களுக்கு மூன்று நாள் தனிப் பயிற்சி கட்டாயம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆம் விதி இதைச் சொல்கிறது. இந்தப் பயிற்சியை நடத்த விரும்பும் பள்ளிகளும், ஓட்டுநர்களை அனுப்பும் லாரி உரிமையாளர்களும், ஓட்டுநர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பல வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். படிவம் 11 உரிமம் நடப்பில் இருக்கிறது. அதை வைத்தே மூன்று நாள் அபாயச் சரக்குப் பயிற்சியைத் தொடங்கலாமா?

தொடங்க முடியாது. படிவம் 11 என்பது மோட்டார் வாகனச் சட்டம் 12ஆம் பிரிவு, 24ஆம் விதிப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் உரிமம். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் படிவம் 5 சான்றிதழ் தரவும் அது போதும். 9ஆம் விதி கேட்பது "மாநில அரசால் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்". அனுமதி தரும் அதிகாரம் வேறு, கேட்கும் தகுதி வேறு. ஆர்டிஓவிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வகுப்பைத் தொடங்கினால், நீங்கள் தரும் சான்றிதழை இன்னொரு ஆர்டிஓ அலுவலகம் திருப்பி அனுப்பும்போது மாட்டிக்கொள்வது பணம் கட்டிப் படித்த ஓட்டுநர்தான்.

9ஆம் விதி பாடத்திட்டத்தையும் நாட்களையும் சொல்கிறது. அங்கீகாரத்துக்கென நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்பப் படிவத்தை அது தரவில்லை. அதனால் முதல் வேலை, மாநிலப் போக்குவரத்து ஆணையருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை எழுத்திலேயே வாங்குவது. கோப்பில் இவை இருந்தால் ஆய்வுக்கு வருபவர் கேட்பதில் பெரும்பகுதி அடங்கிவிடும்: இடத்தின் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், வகுப்பறையின் வரைபடம், மூன்று நாளுக்கும் மணிவாரியான பாட அட்டவணை, ஒவ்வொரு பாடத்துக்கும் யார் ஆசிரியர் என்ற பட்டியலும் அவர்களின் சான்றுகளும், களப்பயிற்சி வண்டியின் ஆர்சி, காப்பீடு, தகுதிச் சான்று, வருகைப் பதிவு முறை, தேர்வுத் தாள் மாதிரி, சான்றிதழ் மாதிரி.

கோப்பு அதிகம் நிற்கும் இடம் பாட அட்டவணைதான். "காலை தியரி, மதியம் பிராக்டிகல்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்கிறார்கள். விதியில் உள்ள ஒவ்வொரு தலைப்பும் எந்த நாளில், எத்தனை நிமிடம் என்பது தெரிய வேண்டும்.

அங்கீகாரம் கிடைத்ததும் ஆணையின் எண், தேதி, காலாவதி மூன்றையும் ஒவ்வொரு சான்றிதழிலும் அச்சிடுங்கள்.

கேள்வி: மூன்று நாள் பாடத்தை ஞாயிறு ஒரே நாளில் முடித்துக் கொடுக்கச் சொல்லி லாரி முதலாளிகள் கேட்கிறார்கள். நாற்பது பேர் வருவார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். விதி "3 நாள்" என்று எழுத்தில் சொல்கிறது. அதில் முதல் இரண்டு நாள் தற்காப்பு ஓட்டமும் (விபத்தைத் தவிர்க்கும்படி ஓட்டுவது) மேம்பட்ட ஓட்டத் திறனும். விபத்துக் காரணங்கள், ஓட்டுநரின் உடல்தகுதி, பிரேக் தூரம், நெடுஞ்சாலை, ரயில்வே கேட், மழை, பனி, இரவு ஓட்டம், நேருக்கு நேர் மோதல், பின்னால் இடித்தல் எல்லாம் இதில் வரும். வண்டி எடுக்குமுன் சுற்றிப் பார்க்க வேண்டியவை, ஓடும்போது, நிறுத்துமுன், நிறுத்திய பின் என்று தனித்தனிப் பட்டியலும் உண்டு. மூன்றாம் நாள் முழுக்கச் சரக்கின் பாதுகாப்பு.

களப்பயிற்சியைப் பற்றி விதி போடும் நிபந்தனை ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: ஒரு நேரத்தில் ஒரே ஓட்டுநர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 20 நிமிடம் என்றாலும் நாற்பது பேருக்கு 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். ஒரே வண்டி வைத்திருப்பவர் இரண்டு நாள் வகுப்போடு சேர்த்து இதை முடிக்கவே முடியாது. 15 பேர் என்றால் 5 மணி நேரம்; இரண்டு நாளில் பிரித்தால் சுகமாக முடியும். நாற்பது பேரையும் எடுக்கத்தான் வேண்டும் என்றால் மூன்று அணி, மூன்று வாரம். ஆய்வாளர் வருகைப் பதிவையும் வண்டியின் ஓட்டப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய்க்கணக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிரேக் தூரத்தை வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்றாலும், பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே 25 மீட்டர் போயிருக்கும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அந்த 25 மீட்டரைக் காட்டினால் ஓட்டுநருக்குப் புரியும். அரைகுறையாக நிரம்பிய டேங்கரில் திரவம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அலைமோதுவதால் வளைவில் கவிழும் ஆபத்து கூடுகிறது என்பதையும் இதே இடத்தில் சொல்ல வேண்டும்.

கேள்வி: மூன்றாம் நாள் பாடத்துக்கு எங்களிடம் ஆள் இல்லை. பாதுகாப்பு வீடியோ போட்டு ஓட்டிவிடலாமா?

மற்ற இரண்டு நாள் பாடத்தை அனுபவமுள்ள ஓட்டுநர் ஓரளவு அறிந்திருப்பார். மூன்றாம் நாள் பாடம்தான் அவருக்குப் புதியது. இதற்கு வேதியியல் அல்லது தீயணைப்பு தெரிந்தவர் நேரில் வேண்டும். எண்ணெய் நிறுவனங்களிலும் ரசாயன ஆலைகளிலும் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வு பெற்ற தீயணைப்பு அலுவலர்களும் கிடைப்பார்கள். அவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கோப்பில் வையுங்கள்.

பாடத்தை வண்டியின் அவசரத் தகவல் பலகையிலிருந்து தொடங்குவது நல்லது. பலகையில் ஐ.நா. எண் (ஒவ்வொரு அபாயச் சரக்குக்கும் உள்ள சர்வதேச எண்) இருக்கும்: பெட்ரோல் 1203, டீசல் 1202, எல்பிஜி 1075, குளோரின் 1017, கந்தக அமிலம் 1830. அதோடு அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஹேஸ்கெம் குறியீடு. பெட்ரோலின் குறியீடு 3ஒய்இ (3YE). இதில் 3 என்றால் நுரை கொண்டு அணைக்க வேண்டும். ஒய் என்றால் தீயில் மூச்சுக்கருவி வேண்டும், கொட்டியதைச் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போகவிடாமல் தடுக்க வேண்டும், வெடித்துச் சீறும் ஆபத்தும் உண்டு. கடைசி எழுத்தான இ, சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவதைப் பற்றி முடிவெடுக்கச் சொல்கிறது. இதைப் படிக்கத் தெரிந்த ஓட்டுநர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யும்போது "டேங்கர் கவிழ்ந்துவிட்டது" என்பதோடு நிறுத்தமாட்டார். எண்ணையும் குறியீட்டையும் சொல்வார். வருகிறவர்கள் சரியான பொருளோடு வருவார்கள்.

அடுத்தது டிரெம் கார்டு. சரக்கு என்ன, கசிந்தால் என்ன செய்வது, உடலில் பட்டால் என்ன முதலுதவி, யாரை அழைப்பது எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கார்டைக் கொடுத்து, வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்பிஜிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அது காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் சாக்கடையிலும் படுத்துக்கொண்டு நகரும். காற்றில் சுமார் 2 முதல் 9.5 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். திரவம் வாயுவாகும்போது 250 மடங்குக்கு மேல் விரிகிறது. 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தின் கண்ணூர் சாலாவில் டேங்கர் கவிழ்ந்து வாயு பரவித் தீப்பற்றியதில் 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்த டேங்கரிலும் வாயு கசிந்தது. சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுத் தண்ணீர் பீய்ச்சி நிலைமையைக் கட்டுப்படுத்தினார்கள். இந்த இரண்டையும் அருகருகே வைத்து, முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் பேசவையுங்கள்: இன்ஜினை அணைப்பது, பீடி, செல்போன், அடுப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்வது, காற்று வரும் திசைக்குப் போய் நிற்பது, இரு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தச் செய்வது, போலீசுக்கும் தீயணைப்புக்கும் சொல்வது.

இன்னொன்று. பெட்ரோலை இறக்கிவிட்ட காலி டேங்கரில் திரவம் இருக்காது. ஆனால் ஆவி நிறைந்திருக்கும். அதன் மேல் வெல்டிங் வைத்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. "காலி வண்டிதானே" என்ற நினைப்பை இந்த வகுப்பிலேயே உடைக்க வேண்டும்.

வீடியோ போடலாம். விதியிலேயே படம் காட்டிக் கலந்துரையாடுவது உண்டு. ஆனால் தீயணைப்பானின் ஊசியை (பின்) இழுத்து நெருப்பின் அடிப்பகுதியில் அடிப்பதை வீடியோ கற்றுத்தராது.

கேள்வி: பயிற்றுநருக்கு என்ன தகுதி வேண்டும்?

டிரைவிங் ஸ்கூலுக்கு 24ஆம் விதி கேட்பது: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்தாண்டு ஓட்டுநர் அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் அல்லது இயந்திரவியலில் அதைவிட உயர்ந்த படிப்பு. முதல் இரண்டு நாளுக்கு இவரே போதும். கனரக வாகன லைசென்ஸும், அவர் லைசென்ஸிலேயே அபாயச் சரக்குப் பதிவும் இருந்தால் நல்லது. மோட்டார் சைக்கிள் தவிர மற்றப் பயிற்சி வண்டிகளில் இரட்டைக் கட்டுப்பாடு கட்டாயம். களப்பயிற்சிக்கு உரிமையாளரின் டேங்கரைக் கொண்டுவந்தால், அது சரக்கு இல்லாததாகவும் ஆவி நீக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: சின்ன யானை வண்டியில் சமையல் சிலிண்டர் ஏற்றுகிறேன். எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாமே?

பாதிதான் உண்மை. எல்எம்வி லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், அபாயச் சரக்கு வாகனங்களுக்கும் இ-ரிக்‌ஷா, இ-கார்ட் வண்டிகளுக்கும் உள்ள சிறப்புத் தகுதிகள் தொடரும் என்றும் எழுதியிருக்கிறது. வண்டி சிறியது என்பதற்காக எல்பிஜியின் தன்மை மாறிவிடாது. பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு செய்துகொள்ளுங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புவரை படித்த ஓட்டுநரை அனுப்பலாமா? எட்டாம் வகுப்பு நிபந்தனையை எடுத்துவிட்டார்களே.

போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு இருந்த எட்டாம் வகுப்பு நிபந்தனை 2019இல் நீங்கியது. ஆனால் 9ஆம் விதி படித்த வகுப்பைக் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் வேண்டும். தமிழ் சரளமாக வாசிப்பவர், ஆங்கிலத்தில் பலகையையும் டிரெம் கார்டையும் எழுத்துக்கூட்டியாவது படிக்கப் பழக வேண்டும். சேர்க்கும்போதே ஒரு பக்கம் வாசிக்கவும் நாலு வரி எழுதவும் வைத்து, அந்தத் தாளை அவர் கோப்பில் வையுங்கள். தமிழிலேயே தடுமாறுபவரைச் சேர்த்துக் கையெழுத்து மட்டும் வாங்கினால், அவர் பிறகு கையில் வைத்திருக்கும் கார்டு அவருக்கே உதவாது.

கேள்வி: சான்றிதழ் இருந்தும் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். பதிவு செய்தால் அது எத்தனை வருடம் செல்லும்?

சான்றிதழ் மட்டும் போதாது. லைசென்ஸில் பதிவு ஏறினால்தான் அது அனுமதி. நீங்கள் வசிக்கும் பகுதியின் அலுவலகத்தில், லைசென்ஸ் சேவைகளுக்கான சாரதி இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மறுப்புக்கு வழக்கமான காரணங்கள்: சான்றிதழில் அங்கீகார ஆணை எண் இல்லை, அங்கீகாரம் காலாவதியான பின் பயிற்சி நடந்திருக்கிறது, பெயர் அல்லது பிறந்த தேதி லைசென்ஸோடு ஒத்துப்போகவில்லை, போக்குவரத்து வாகனத் தகுதியே காலாவதியாகிவிட்டது, வெளிமாநிலச் சான்றிதழைச் சரிபார்க்க வழியில்லை. கடைசிச் சிக்கலுக்குப் பயிற்சி நிறுவனத்திடமிருந்து அங்கீகார ஆணையின் நகலை வாங்கி இணைத்தால் பெரும்பாலும் தீரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் அபாயச் சரக்குத் தகுதி மூன்று ஆண்டு. போக்குவரத்துத் தகுதி ஐந்து ஆண்டு. லைசென்ஸ் அட்டையில் இரண்டுக்கும் தேதி தனித்தனி. பெரிய தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சோதனையில் சிக்குபவர்கள் அதிகம். முன்பு ஆண்டுதோறும் ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சி என்று சட்டமே சொன்னது. இப்போது புதுப்பிக்கும் நிபந்தனையை மத்திய அரசின் விதிகளுக்கு விட்டிருக்கிறது. காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் ஏற்கும் பயிற்சிச் சான்றை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஏடிடிசி எனப்படும் அங்கீகார ஓட்டுநர் பயிற்சி மையத்தில் படித்தால் இந்த மூன்று நாள் பயிற்சி தேவையில்லையா?

தேவை. 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள 31பி முதல் 31ஜே வரையிலான விதிகளின் கீழ் அந்த மையங்கள் வருகின்றன. இலகுரக வாகனத்துக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரம், கனரகத்துக்கு ஆறு வாரத்துக்குள் 38 மணி நேரம். அங்கே தரும் படிவம் 5பி இருந்தால் லைசென்ஸுக்கான ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. சாதாரணப் பள்ளியின் படிவம் 5க்கு அந்த விலக்கு கிடையாது. அபாயச் சரக்குப் பதிவு தனிக் கதை.

கேள்வி: ஓட்டுநருக்கு எல்லாப் பதிவும் இருக்கிறது. உரிமையாளராக என் வேலை முடிந்ததா?

முடியவில்லை. ஏற்றும் சரக்கின் தன்மை, ஆபத்து, ஓடும்போதும் நிற்கும்போதும் எடுக்க வேண்டிய எச்சரிக்கை, அவசரத்தில் செய்ய வேண்டியது ஆகியவற்றில் ஓட்டுநர் போதிய பயிற்சி பெற்றிருப்பதைச் சரக்கு அனுப்புபவர் திருப்தியடையும் வகையில் உறுதி செய்ய வேண்டியது உரிமையாளர் என்று 135ஆம் விதி சொல்கிறது. பெட்ரோல் ஓட்டிய பழக்கத்தோடு ஒருவரை அமோனியா வண்டியில் ஏற்றும்போது மூன்று நாள் சான்றிதழ் மட்டும் காப்பாற்றாது. சரக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் விளக்கி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். விதிமீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(3) பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ. மறுமுறை 20,000 ரூபாய் அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ. சரக்குத் தகவல் தாள் ஓட்டுநர் கேபினில், அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பழைய சரக்கின் கார்டை அதே நாளில் எடுத்துவிடுங்கள்.